பாகற்காய்க்கும் ஒரு கொசுவலை

கொசுவலைக்குள் மனிதர் படுத்துப் பார்த்திருப்பீர்கள். பாகற்காய் தொங்கிப் பார்த்ததுண்டா?

கம்மாபுரத்தில் ஒரு வீட்டின் பின்பக்கம் போனால் பார்க்கலாம். பந்தலுக்கு அடியில் வெள்ளையும் நீலமுமாகச் சின்னச் சின்ன வலைப்பைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு காய். சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் யாரோ கைக்குழந்தைகளுக்கு வரிசையாகத் தூளி கட்டிப் போட்டதுபோல இருக்கும். புதிதாக வருகிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு "இது எதுக்குங்க?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் கொஞ்சம் நீளம்.

கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலத்துக்குக் கிழக்கே இருக்கிறது கம்மாபுரம். ஒன்றியத் தலைமையிடம். விருத்தாசலம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பழமலைநாதர் கோயிலும் ரயில்வே ஜங்ஷனும் ஞாபகம் வரும். சுற்றுப்பட்டுக் கிராமங்களுக்கு விருத்தாசலம் என்றால் செராமிக். பொம்மை, பீங்கான் சாமான், மின்கம்பிக்கான இன்சுலேட்டர், வீட்டுச் சுவரில் இருக்குமே அந்த வெள்ளை ஃபியூஸ் கட்டை... இதையெல்லாம் செய்கிற சிறிய தொழிற்கூடங்களில் வேலை பார்த்தே பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்கள் ஏராளம். இந்த வீட்டுப் பெரியவரும் அப்படி ஒரு கூடத்தில் பல வருஷம் வேலை பார்த்தவர்தான். சூளையில் கீறல் விட்டுக் கழித்துப்போட்ட ஃபியூஸ் கட்டைகள் ஒரு சாக்கு நிறைய அவர் வீட்டுத் திண்ணைக்கு அடியில் கிடக்கின்றன. எதற்கு என்று அவருக்கே அப்போது தெரியாது. (தூக்கிப் போட மனசில்லை, அவ்வளவுதான்!)

வீட்டின் பின்பக்கம் முன்பு ஒரே நிழலாக இருந்தது. பெரிய பலாமரம் ஒன்று. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்த கதை எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கே இந்தப் பலாவும் போயிற்று. மரம் போன துக்கம் ஆற ரொம்ப நாளாயிற்று. ஆனால் அதுவரை வெயிலே பார்க்காத மண்ணில் அதற்குப் பிறகு வெயில் விழுந்தது. வெயில் விழுந்த இடத்தில் வீட்டம்மா சும்மா இருப்பாரா? பாகல், புடலை, பீர்க்கு என்று விதை ஊன்றினார். பெரியவர் சவுக்குக் கழி நட்டுப் பந்தல் போட்டார். ஓரத்தில் கத்தரி, மிளகாய், ஒரு மாதுளை, ஒரு கொய்யா.

காய் வந்தது. காயோடு சேர்ந்து மற்றவர்களும் வந்தார்கள்.

முதலில் வந்தவை கண்ணுக்குத் தெரிகிறவை. மயில், கிளி, அணில். மயில் இளந்தளிரைக் கொத்தும், கிளி கொய்யாவைக் கடித்துப் பார்த்துக் கீழே போடும். அணிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பெரியவர் பரங்கிப்பேட்டையில் இருக்கிற சொந்தக்காரரிடம் சொல்லிப் பழைய மீன்வலை ஒரு மூட்டை வாங்கிவந்தார். நரம்பு வலை. தோட்டத்தைச் சுற்றித் தரையோடு தரையாக இழுத்துக் கட்டியாயிற்று. மயில் வரவில்லை. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

ஒரு தடவை மகள் வீட்டுக்குப் போய் மூன்று நாள் தங்கிவிட்டுத் திரும்பினார்கள். பின்கதவைத் திறந்ததும் நாற்றம். வலையின் அடியில் ஒரு சாரைப்பாம்பு, நல்ல நீளம். கழுத்துக்குக் கீழே நாலைந்து கண்ணிகள் இறுகிச் செதில் கிழிந்து செத்துக்கிடந்தது.

பாம்பு ஏன் அப்படி மாட்டுகிறது என்று யோசித்தால் பாவமாக இருக்கும். அதன் செதில்கள் தலையிலிருந்து வால் பக்கமாகச் சாய்ந்தவை. கண்ணிக்குள் தலையும் கழுத்தும் போய்விட்டால் முன்னால் நகர முடியும்; பின்னால் வர நினைத்தால் செதிலில் நூல் மாட்டும். முன்னால் போகப் போக உடம்பு பெருக்கும், கண்ணி இறுகும். மெல்லிய நைலான் நூல் வெயிலில் அதன் கண்ணுக்குத் தெரிவதும் இல்லை.

சாரைப்பாம்புக்கு விஷம் கிடையாது. எலிதான் அதற்குச் சாப்பாடு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கிற உயிர் அது. சட்டமெல்லாம் அந்த வீட்டம்மாவுக்குத் தெரியாது. ஆனால் அன்று அவர் சொன்னது ஒன்றுதான். "ஏங்க, இதை முதல்ல அவுத்துப் போடுங்க. நாம காய் தின்றதுக்கு அது ஏன் சாவணும்?" பாம்பென்றால் பத்தடி ஓடுகிற மனுஷி! அந்த வருஷம் எலி வேறு பெருகி வரப்போரம் வளை வளையாகத் தோண்டியது. பெரியவர் அதைப் பார்த்துப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

இது கம்மாபுரத்துக் கதை மட்டும் இல்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் வீட்டுப் பழமரங்களுக்கு வலை போட்டு, பழந்தின்னி வௌவால்களும் பறவைகளும் பாம்புகளும் சிக்கிச் செத்ததால் அரசே விதி கொண்டுவந்தது. 2021 செப்டம்பர் 1 முதல் அங்கே வீட்டுப் பழமரத்துக்குப் போடும் வலையின் கண்ணி, முழுக்க இழுத்துப் பிடித்தாலும் 5 மில்லிமீட்டருக்கு 5 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. சுண்டுவிரலை வலையில் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் அந்த வலை வேண்டாம். நம்மூருக்கும் இந்தச் சோதனை போதும்.

மீன்வலை போனது. அதற்குள் அடுத்த ஆள் வந்திருந்தது. இது கண்ணுக்குச் சட்டென்று தெரியாத ஆள்.

பாகற்பிஞ்சு நன்றாகத்தான் இருக்கும். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் ஓர் இடத்தில் மட்டும் பிசின் துளி உறைந்திருக்கும். இன்னும் இரண்டு நாளில் அந்தப் பக்கம் காய் வளைந்து மஞ்சளாகும். அறுத்தால் உள்ளே வெள்ளைப் புழு நெளியும். புடலையிலும் பீர்க்கிலும் இதே கூத்துதான். செய்கிறது பழ ஈ. தேன் நிறத்தில், வீட்டு ஈ அளவில், ஒரு சின்னக் குளவி மாதிரி இருக்கும். பெண் ஈக்குப் பின்னால் ஊசிபோல ஒரு குழல் உண்டு. தோல் முற்றாத பிஞ்சாகப் பார்த்து அதைக் குத்தி உள்ளே முட்டை வைத்துவிடும். ஒன்றிரண்டு நாளில் முட்டை பொரிந்து புழு சதையைத் தின்ன ஆரம்பிக்கும். தின்று முடித்ததும் மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகும். சில நாள் கழித்து மறுபடி ஈயாகி மேலே வரும். பூசணிக் குடும்பத்துக் காய்கள் எல்லாவற்றையும் கெடுக்கிற இந்த ஈயின் பூர்வீகமே இந்தியப் பக்கம்தான் என்கிறார்கள் பூச்சியியலாளர்கள். அதாவது பாகலும் நம்மூர், ஈயும் நம்மூர்!

இந்த ஈ கடல் தாண்டிப் போய்ச் செய்த அட்டகாசம் கொஞ்சநஞ்சமில்லை. ஜப்பானின் ஒகினாவா தீவுக்காரர்களுக்குப் பாகற்காய் உயிர். 'கோயா' என்பார்கள். ஆனால் ஈ இருந்த காலம் வரை அங்கே விளைந்த பாகற்காயைச் சும்மா ஜப்பானின் மற்றப் பகுதிகளுக்கு அனுப்ப முடியாது, தடை. 1972இல் குமே என்ற ஒரு சின்னத் தீவில் தொடங்கினார்கள். ஆய்வுக்கூடத்தில் ஈக்களை வளர்த்து, கதிர்வீச்சால் மலடாக்கி, வெளியே விட்டார்கள். மலட்டு ஆண் ஈயோடு சேர்ந்த பெண் ஈ இடும் முட்டை பொரியாது. இப்படித் தீவு தீவாகப் பல ஆயிரம் கோடி ஈக்களை விட்டு, 1993இல்தான் முழுக்க ஒழித்தார்கள். இருபத்தோரு வருஷம். ஓர் அரசாங்கத்துக்கே இவ்வளவு பாடு என்றால் பின்பக்கம் நாலு கழி நட்டுப் பந்தல் போட்டவர் என்ன செய்வார்?

மருந்து அடிக்கலாமே என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். கடையிலும் சொன்னார்கள். இங்கே ஒரு கணக்கு இடிக்கிறது. பாகல் காய்க்கத் தொடங்கினால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பறித்தாக வேண்டும், இல்லாவிட்டால் முற்றிவிடும். மருந்து அடித்தால் விஷம் இறங்கப் பல நாள் காத்திருக்க வேண்டும். இந்த இரண்டும் எப்படி ஒத்துப்போகும்? காத்திருக்காமல் பறித்தால் மருந்து நேராகக் குழம்புக்குத்தான் வரும். போதாக்குறைக்குப் புழு இருப்பது காய்க்குள். மருந்து விழுவது தோல்மேல். மோனோகுரோட்டோபாஸ் என்ற மருந்தைக் காய்கறிகளில் அடிக்கக் கூடாது என்று 2005இலேயே அரசு தடை போட்டது. பேரப்பிள்ளைகள் லீவுக்கு வந்து சாப்பிடுகிற காயில் இந்த வம்பே வேண்டாம் என்று வீட்டம்மா கறாராகச் சொல்லிவிட்டார்.

சரி, வலைதான் வழி என்று முடிவாயிற்று. பெரியவர் இந்த முறை கண்ணி பொடியாக இருக்கும் கொசுவலைத் துணியை வாங்கிவந்து பந்தல் முழுக்க நாலு பக்கமும் மூடித் தைத்துவிட்டார். ஒரு கல்யாணப் பந்தல் மாதிரி இருந்ததாம். ஓர் ஈ நுழைய முடியாது.

பத்து நாளில் உள்ளே பார்த்தால் முன்னைவிட மோசம். ஈக்கள் ஜாலியாகச் சுற்றிக்கொண்டிருந்தன!

எப்படி நுழைந்தன? நுழையவே இல்லை. ஏற்கெனவே மண்ணுக்குள் கூட்டுப்புழுவாக இருந்தவைதான் ஈயாகி மேலே வந்தன. வெளியே போகவும் வழியில்லை. குருவி, கரிச்சான், தும்பி எதுவும் உள்ளே வந்து பிடித்துத் தின்னவும் வழியில்லை. சாப்பாடு தலைக்கு மேல் தொங்குகிறது. பெரியவர் பாகலுக்குக் கோட்டை கட்டுவதாக நினைத்துக்கொண்டு ஈக்கு வீடு கட்டிக் கொடுத்திருந்தார்.

இன்னொரு கோளாறும் சேர்ந்துகொண்டது. பெண் பூக்கள் பூத்தன, பின்னால் இருந்த குட்டிப் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்தது. பாகலில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஒன்றிலிருந்து மகரந்தத்தை இன்னொன்றுக்குத் தேனீ கொண்டுவந்தால்தான் காய். வலை தேனீயையும் வெளியே நிறுத்திவிட்டது. பாகல் விடியற்காலையில் பூக்கும், பீர்க்கு சாயங்காலம், புடலை ராத்திரி. யார் எப்போது வருவார்கள் என்று கதவைத் திறந்து மூடிக்கொண்டிருக்க முடியுமா? (மிளகாய், வெண்டை மாதிரிச் செடிகளுக்கு இந்தக் கவலை குறைவு. ஒரே பூவில் ஆணும் பெண்ணும் இருப்பதால் மூடினாலும் காய்க்கும்.)

வலையைக் கழற்றிய அன்று சாயங்காலம் வீட்டம்மா அதைத் திண்ணையில் போட்டு மடித்துக்கொண்டிருந்தார். மாதுளம் பிஞ்சுக்கு அந்தக் காலத்தில் அவர் அம்மா பழைய வேட்டித் துணியைக் கிழித்துப் பொட்டலம் கட்டுவது ஞாபகம் வந்தது. மாதுளையில் ஒரு வண்ணத்துப்பூச்சி முட்டை வைக்கும். அதன் புழு பழத்தைத் துளைத்து உள்ளே போய்விடும். அதற்குத்தான் துணி. மரத்தையா மூடினார்கள்? காயைத்தானே மூடினார்கள்!

"மொத்தப் பந்தலையும் எதுக்குங்க மூடணும்? காய்க்கு ஒரு சட்டை தச்சுப் போட்டா ஆகாதா?"

அங்கேதான் எல்லாம் சரியாயிற்று. பூவைத் திறந்து விட்டால் தேனீ தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். பெண் பூ வாடி அதன் பின்னால் பிஞ்சு லேசாகத் தடிக்கிறபோது, இரண்டு மூன்று நாளுக்குள், பையை மாட்டிவிட வேண்டும். அதற்கு முன்னால் மாட்டினால் காய் பிடிக்காது. அதற்குப் பின்னால் மாட்டினால் ஈ ஏற்கெனவே குத்தியிருக்கும். பைக்குள் புழுவைப் பத்திரமாக வளர்த்தது போலாகும். வலை நல்ல வலையா என்பதைவிட எந்த நாளில் மாட்டினார்கள் என்பதுதான் முக்கியம். கடையில் வலை கிடைக்கும், இந்த மூன்று நாள் கடையில் கிடைக்காது. தினம் காலையில் பந்தலுக்கு அடியில் போய்த் தலை நிமிர்ந்து பார்க்கிற ஆளுக்குத்தான் அது தெரியும்.

பை தைப்பதில் பெரிய வித்தை இல்லை. பாகலுக்கு ஓரடி நீளம், அரையடி அகலம். இரண்டு பக்கமும் அடியும் தையல். வாயை மடித்துத் தைத்துப் பாவாடைக்கு நாடா கோர்ப்பதுபோல ஒரு நூல். காம்பைச் சுற்றி இழுத்து முடிச்சுப் போட்டால் முடிந்தது. ரொம்ப இறுக்கினால் காம்பு நைந்துவிடும். கிழிந்துபோன ஒரு பழைய கொசுவலையில் டஜன் கணக்கில் பை வரும்.

ஆனால் பை காயோடு ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. முதலில் தைத்தவை ஒட்டிக்கொண்டன. ஈ வலைக்கு வெளியே உட்கார்ந்தபடியே கண்ணி வழியாகக் குழலை விட்டுக் குத்திவிட்டுப் போயிற்று! எமகாதகப் பூச்சி. பிறகு பெரியவர் தென்னை ஈர்க்கை வளையமாக வளைத்து மேலே ஒன்று, கீழே ஒன்று பைக்குள் வைத்தார். இப்போது பை கூண்டு மாதிரி நிற்கிறது, காய் நடுவில் தொங்குகிறது.

புடலைக்கு வேறு மாதிரி. அது நீளமாக இறங்கும், நுனியில் எடை கட்டாவிட்டால் பாம்பு மாதிரி சுருளும். நம்மூரில் சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிடுவது வழக்கம்தானே. எனவே இரண்டு பக்கமும் திறந்த நீளக் குழாய் மாதிரி தைத்து, மேலேயும் கீழேயும் நாடா போட்டு, அடியிலிருந்து வெளியே வரும் நூலில் எடை. கல்லுக்குப் பதில் என்ன கட்டினார் என்று ஊகித்திருப்பீர்கள். திண்ணைக்கு அடியில் கிடந்த ஃபியூஸ் கட்டை! ஓட்டை ஏற்கெனவே இருக்கிறது, நூல் கோர்க்கச் சுலபம். துருப்பிடிக்காது, மழையில் ஊறாது. காற்றடித்தால் ஒன்றோடொன்று மோதிக் கிணிங் கிணிங் என்று சத்தம் வேறு.

பையோடு வேலை முடியவில்லை. ஈ குத்திய காய்களைப் பறித்துக் குப்பையில் வீசினால் அதிலிருந்து புழு மண்ணுக்குப் போகும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். அந்தக் காய்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி வெயிலில் வைத்துவிட வேண்டும். இல்லையேல் ஆழக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். பந்தலுக்கு அடியில் மண்ணை அடிக்கடி கொத்திவிட்டால் கூட்டுப்புழு மேலே வரும், கோழிக்கு விருந்து. கொய்யாவுக்கும் மாவுக்கும் வருகிற பழ ஈ வேறு வகை. அதன் ஆண் ஈக்கு மீத்தைல் யூஜினால் வாசனை என்றால் பைத்தியம். துளசியில் அது இயல்பாகவே இருப்பதால் கசக்கிய துளசியைக் கொட்டாங்கச்சியில் வைத்து ஈயை இழுக்கிறார்கள். பாகல் ஈ துளசிக்கு மயங்காது. அதற்குக் கருவாட்டுப் பொறி.

சில எச்சரிக்கைகளையும் சொல்லியாக வேண்டும். பாலித்தீன் கவர் மாட்டினால் உள்ளே வியர்த்துக் காய் அழுகும். பிலிப்பைன்ஸில் மாம்பிஞ்சைச் செய்தித்தாளில் சுற்றுகிறார்கள், உயர்ந்த மரத்தில் ஒவ்வொன்றாக! நம் ஐப்பசி மழைக்குத் தாள் ஒரு நாள்கூடத் தாங்காது. மருந்து தோய்த்த கொசுவலைகள் உண்டு. அவற்றைச் சாப்பிடுகிற காய்க்குப் போடவே கூடாது. பைக்குள் சில சமயம் மாவுப்பூச்சி சேரும், எறும்பும் கூடவே வரும், வாரம் ஒருமுறை பிரித்துப் பார்க்க வேண்டும். வெள்ளை ஈ மாதிரிப் பொடிப் பூச்சிகள் சாதாரணக் கொசுவலைக் கண்ணியில் தாராளமாக நுழையும். அணில் நைலானைக் கடித்து ஓட்டை போட்டுவிடும். கொய்யாவில் பாதியை அணிலுக்கென்று எழுதி வைத்துவிட்டார்கள் அந்த வீட்டில்.

கத்தரி மட்டும் இன்னும் மசியவில்லை. அதன் காய்ப்புழு தண்டிலும் நுழையும், காயிலும் நுழையும். பை மாட்டினால் தண்டை யார் பார்ப்பது? இந்த ஒரு புழுவுக்காகத்தான் பி.டி. கத்தரி என்று மரபணு மாற்றிய கத்தரியைக் கொண்டுவரப் பார்த்தார்கள். நாடு முழுக்க விவாதம் நடந்து 2010 பிப்ரவரியில் மத்திய அரசு நிறுத்தி வைத்தது. பங்களாதேஷில் 2014 முதல் பயிரிடுகிறார்கள். கம்மாபுரத்துப் பின்பக்கத்தில் வீட்டம்மா வாடிய நுனித்தண்டைத் தினம் கிள்ளிக் கிள்ளி எரிக்கிறார். பாதிக் காய் தப்புகிறது. மீதி, "போனா போவுது."

பையை எல்லாக் காய்க்கும் போடுவதில்லை, எட்டுகிற காய்க்கு மட்டும்தான். அந்த வயதில் ஏணி ஏற முடியாது. கீழே சந்து விட்டுத்தான் வேலி கட்டியிருக்கிறார்கள். ஓலை வேலி, வலை இல்லை. போன மழைக்காலத்தில் ஒரு சாரை அந்தச் சந்து வழியாக வந்து போவதைப் பேரன் பார்த்துவிட்டு, "ஆயா, பாம்பு!" என்று கத்தினான். "கத்தாதடா, அது போவட்டும்," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அவர் எழுந்துகூட வரவில்லை.

விதைக்கென்று ஒரு பாகலை மட்டும் பறிக்காமல் பையோடு விட்டிருந்தார்கள். அது ஆரஞ்சு நிறமாகப் பழுத்து, ஒரு நாள் தானாக வெடித்து மூன்றாகப் பிளந்தது. மற்ற நாளாக இருந்தால் சிவப்புச் சதையோடு விதை மண்ணில் சிந்தும், குருவி தூக்கிக்கொண்டு போகும். இந்த முறை எல்லாம் பையின் அடியிலேயே தங்கிவிட்டன. எண்ணினால் பதினாலு. சதையைக் கழுவி, சாம்பலில் புரட்டி, முறத்தில் போட்டுத் திண்ணையில் காயவைத்திருக்கிறார்கள்.